வரையறுத்த தொகையீடு: இரண்டு ரீடிங், ஒரு கழித்தல்

"தொகையீடு என்றால் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். ஒன்று, "வளைகோட்டுக்குக் கீழே இருக்கிற பரப்பு". இன்னொன்று, "அடுக்கில் ஒன்றைக் கூட்டு, வந்த எண்ணால் வகு". இரண்டுமே பாதி உண்மைதான். பரப்பு என்று மட்டும் மனதில் வைத்திருப்பவர், விடை −4 என்று வந்ததும் எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று அழித்துவிடுவார். சூத்திரமாக மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு மேல் எல்லையில் கிடைத்ததிலிருந்து கீழ் எல்லையில் கிடைத்ததை ஏன் கழிக்கிறோம் என்பது தெரியாது. எல்லைகள் இல்லாத தொகையீட்டில் ஒவ்வொரு விடையின் கடைசியிலும் கூட்டி எழுதிவந்த அந்த மாறிலி (ஏதோ ஒரு நிலையான எண்) இப்போது எங்கே போயிற்று என்பதும் தெரியாது. கணக்கு சரியாக வரும், ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் கை நின்றுவிடும்.

இங்கே நாம் பல்லுறுப்புக்கோவைகளோடு நின்றுகொள்வோம். பல்லுறுப்புக்கோவை என்பது 3ம² − 4ம + 5 போல, ஒரு மாறியின் 0, 1, 2 என்று போகும் முழு எண் அடுக்குகளைச் சில எண்களால் பெருக்கிக் கூட்டிய கோவை. அந்தப் பெருக்கும் எண்களுக்குக் கெழு என்று பெயர். சைன், லாக் எதுவும் வராது. பாடப்புத்தகத்தில் எக்ஸ் இருக்கும் இடத்தில் இங்கே "ம" இருக்கும். மணிக்கணக்கைக் குறிக்க அந்த எழுத்து. எந்த எழுத்தைப் போட்டாலும் கடைசியில் கிடைக்கும் எண் மாறாது.

## மின்மீட்டர் செய்யும் வேலை

வீட்டு மின்மீட்டரில் இரண்டு அளவுகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. இரண்டையும் நாம் அடிக்கடி போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கிலோவாட் என்பது இந்த நொடியில் மின்சாரம் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பது. யூனிட் என்பது இதுவரை மொத்தம் எவ்வளவு செலவாகிச் சேர்ந்திருக்கிறது என்பது. 1 கிலோவாட் ஹீட்டர் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

அந்தந்த நேரத்துக் கிலோவாட் அளவை லோடு என்போம். லோடு மாறாமல் இருந்தால் கணக்கு சுலபம். 2 கிலோவாட் லோடு 3 மணி நேரம் ஓடினால் 6 யூனிட். கிடைமட்டத்தில் நேரத்தையும் செங்குத்தில் லோடையும் வைத்து வரைபடம் போட்டால், அகலம் 3, உயரம் 2 உள்ள செவ்வகம் கிடைக்கும். அதன் பரப்பு 6. "தொகையீடு என்றால் பரப்பு" என்ற பேச்சு இங்கிருந்துதான் புறப்படுகிறது.

லோடு மாறிக்கொண்டே இருந்தால்? ஒரு பட்டறையில் இயந்திரங்களை ஒவ்வொன்றாக ஓட விடுகிறார்கள். லோடு ம² கிலோவாட் என்று ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 0, 1 மணி நேரம் கழித்து 1, 2 மணி நேரம் கழித்து 4, 3 மணி நேரம் கழித்து 9 கிலோவாட். (வீட்டு வயரிங் இதைத் தாங்காது, அதனால்தான் பட்டறை.) இந்த 3 மணி நேரத்தில் எத்தனை யூனிட் ஓடியிருக்கும்? எந்த லோடை எடுத்து 3-ஆல் பெருக்குவது? 0-வையா, 9-ஐயா?

இதைத்தான் வரையறுத்த தொகையீடு கேட்கிறது: மாறிக்கொண்டே இருக்கும் ஒரு வேகம், குறிப்பிட்ட தொடக்கத்திலிருந்து குறிப்பிட்ட முடிவுவரை, மொத்தம் எவ்வளவு சேர்க்கும்? அந்தத் தொடக்கம் கீழ் எல்லை, முடிவு மேல் எல்லை. இரண்டு எல்லைகளும் குறிக்கப்பட்டிருப்பதால்தான் "வரையறுத்த" என்கிறோம். விடை ஒரு எண்.

## துண்டு போட்டுக் கூட்டினால்

மாறும் லோடைச் சமாளிக்க ஒரே வழி, நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டுவது. துண்டு சிறியதானால் அதற்குள் லோடு பெரிதாக மாறாது. ஒவ்வொரு துண்டையும் ஒரு செவ்வகமாகக் கருதிப் பெருக்கிக் கூட்டிவிடலாம்.

முதலில் 1 மணி நேரத் துண்டுகள் மூன்று. ஒவ்வொரு துண்டிலும் தொடக்க லோடை எடுத்தால் 0 + 1 + 4 = 5 யூனிட். முடிவு லோடை எடுத்தால் 1 + 4 + 9 = 14 யூனிட். லோடு ஏறிக்கொண்டே போவதால் உண்மையான விடை 5-க்கும் 14-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இடைவெளி ரொம்ப அதிகம்.

அரை மணி நேரத் துண்டுகளாக வெட்டினால் குறைந்த கணிப்பு 6.875, கூடிய கணிப்பு 11.375. ஒரு துண்டுக்கு 0.1 மணி நேரம், அதாவது 6 நிமிடம் என்று வைத்தால் 8.555-க்கும் 9.455-க்கும் நடுவில். 0.01 மணி நேரம் என்றால் 8.95505-க்கும் 9.04505-க்கும் நடுவில்.

இரண்டு கணிப்புகளுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கவனியுங்கள். 9, பிறகு 4.5, பிறகு 0.9, பிறகு 0.09. ஒவ்வொரு முறையும் அது துண்டின் அகலம் × 9. காரணமும் எளிது. ஒரு துண்டின் முடிவு லோடுதான் அடுத்த துண்டின் தொடக்க லோடு. அதனால் இரண்டு கூட்டல்களிலும் நடுவில் உள்ளவை எல்லாம் பொதுவாக இருந்து அடிபட்டுப்போகின்றன; கடைசி 9-உம் முதல் 0-உம் மட்டும் மிஞ்சுகின்றன. துண்டின் அகலத்தை நாம் விரும்பிய அளவுக்குக் குறைக்கலாம், ஆகவே இந்த வித்தியாசத்தையும் விரும்பிய அளவுக்குக் குறைக்கலாம். எவ்வளவு குறைத்தாலும் இரண்டுக்கும் நடுவில் தப்பாமல் நிற்கும் எண் ஒன்றே ஒன்றுதான்: 9.

அதை இப்படி எழுதுவார்கள்:

∫₀³ ம² டிம = 9

∫ என்பது நீட்டி எழுதிய "எஸ்" எழுத்து. கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதலெழுத்து அது. ஜெர்மானியக் கணிதர் லைப்னிட்ஸ் 1675 அக்டோபர் 29 தேதியிட்ட கையெழுத்துக் குறிப்பில் இதைப் பயன்படுத்தினார். மேலும் கீழும் எல்லைகளை எழுதும் வழக்கம் பிற்பாடு பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியே மூலம் பரவியது. கடைசியில் நிற்கும் "டிம" (புத்தகத்தில் டிஎக்ஸ்) அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. அது துண்டின் அகலம். லோடு × அகலம், லோடு × அகலம் என்று கூட்டிக்கொண்டே போகிறோம் என்பதை அந்தக் குறியீடு முழுதாகவே சொல்கிறது. விடைத்தாளில் அதை விட்டுவிட்டு எழுதுபவர்கள், உயரங்களை மட்டும் கூட்டுவதாகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வரையறுத்த தொகையீடு என்பது துண்டுகளின் கூட்டுத்தொகை, துண்டுகளைச் சிறிதாக்கிக்கொண்டே போகும்போது எந்த எண்ணை நெருங்குகிறதோ அந்த எண். அடுக்கில் ஒன்றைக் கூட்டுவது பற்றி இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

## அடுக்கில் ஒன்று கூடுவது எங்கிருந்து வருகிறது

0.01 மணி நேரத் துண்டுகளில் நாம் உண்மையில் கூட்டியது 0² + 1² + 2² + … + 299². அதன் மதிப்பு 89,55,050. இப்போது 300³-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள்: 90,00,000. மிக நெருக்கம். வர்க்கங்களைக் கூட்டினால் ஏறத்தாழக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு வருகிறது. கனங்களைக் கூட்டினால் நான்காம் அடுக்கில் நான்கில் ஒரு பங்கு வரும். எண்ணிக்கை கூடக் கூட இந்த நெருக்கமும் கூடும்.

இந்த உண்மையைக் காரணத்தோடு விளக்கிய பழைய நூல்களில் ஒன்று நமக்குப் பக்கத்து மொழியில் இருக்கிறது. கேரளத்தில் 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய யுக்திபாஷா, அடுக்குகளின் கூட்டுத்தொகை பெரிய எண்களுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் காட்டி, அதைக் கொண்டு வட்டத்தின் சுற்றளவுக்கான தொடரை நிறுவுகிறது. லைப்னிட்ஸ் பிறந்தது 1646-ல்.

ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் இப்படித் துண்டு போட்டுக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. குறுக்குவழியை மீட்டரே காட்டுகிறது.

## ரீடிங்கைக் கழிப்பது

ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு மாதமாக உங்கள் வீட்டில் எந்த நொடியில் எந்த விளக்கு எரிந்தது என்று கேட்பதில்லை. இப்போதைய ரீடிங், போன ரீடிங், கழித்தல். முடிந்தது. கூட்டும் வேலையை மீட்டர் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது.

அப்படியானால் நமக்கும் தேவை ஒரு மீட்டர்தான்: லோடு ம² ஆக இருக்கும்போது, ம மணிக்கு ரீடிங் என்ன என்று சொல்லும் ஒரு சார்பு. சார்பு என்பது ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய ஒரே ஓர் எண்ணைத் திருப்பித் தரும் விதி. இங்கே அதற்கு ரீ(ம) என்று பெயர் வைப்போம்.

ரீடிங் எவ்வளவு வேகமாக ஏறுகிறது? லோடு 4 கிலோவாட் என்றால் ரீடிங் அந்த நேரத்தில் மணிக்கு 4 யூனிட் வேகத்தில் ஏறுகிறது. அதாவது ரீடிங் மாறும் வேகம்தான் லோடு. ஒரு சார்பு மாறும் வேகத்துக்கு வகைக்கெழு என்று பெயர். ஆக, எந்தச் சார்பின் வகைக்கெழு ம² ஆகிறது என்று கண்டுபிடித்தால் அதுவே மீட்டர். இப்படிப் பின்னோக்கித் தேடிக் கிடைப்பது எதிர் வகைக்கெழு.

ம³/3 அந்த வேலையைச் செய்கிறதா என்று எண்களை வைத்தே பார்க்கலாம். ம = 2-ல் ரீடிங் 8/3 = 2.6667. 0.1 மணி நேரம் கழித்து, ம = 2.1-ல், 9.261/3 = 3.087. ஏறியது 0.4203, மணிக்கு 4.203 யூனிட் வேகம். 0.01 மணி நேரம் மட்டும் கழித்துப் பார்த்தால் வேகம் 4.020. இடைவெளி குறையக் குறைய 4-ஐ நெருங்குகிறது. 2²-உம் 4 தான்.

எனவே 0 முதல் 3 வரை ஓடிய யூனிட் = ரீ(3) − ரீ(0) = 27/3 − 0 = 9. நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கூட்டி நெருங்கிய அதே 9, ஒரே வரியில். துண்டு போட்டுக் கூட்டுவதும் வகைக்கெழுவைப் பின்னோக்கித் தேடுவதும் பார்ப்பதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேலைகள். இரண்டும் ஒரே விடையைத் தரும் என்று சொல்வதுதான் நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். இத்தனை பெரிய பெயர் அதற்குத் தகும்.

மாறிலி எங்கே போயிற்று என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. மீட்டர் 0-விலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அது 4,512 என்று காட்டிக்கொண்டிருந்த வேளையில் நீங்கள் குடிவந்திருக்கலாம். ம³/3 + 4512 என்பதும் ம²-இன் எதிர் வகைக்கெழுதான். இரண்டு ரீடிங்குகளிலும் அந்த 4,512 இருப்பதால் கழிக்கும்போது அது தானாகப் போய்விடும். எல்லைகள் இல்லாத தொகையீட்டில் மாறிலியை எழுதியே ஆக வேண்டும். எல்லைகள் இருந்தால் எழுதத் தேவையில்லை. "20 + மாறிலி" என்று வரையறுத்த தொகையீட்டுக்கு விடை எழுதினால் அது தவறு.

## ஒரு கணக்கை முழுதாக

எதிர் வகைக்கெழுக்கான விதி இதுதான். ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கை ஒன்று கூட்டி, கூட்டி வந்த புது எண்ணால் வகுக்க வேண்டும். கெழு அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். 1 என்பது ம ஆகும். ம என்பது ம²/2. ம² என்பது ம³/3. ம³ என்பது ம⁴/4. தனியாக நிற்கும் 5 என்பது 5ம ஆகும். அதை மறந்து 5 என்றே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. (1/ம-க்கு இந்த விதி செல்லாது, அங்கே 0-ஆல் வகுக்க நேரிடும். பல்லுறுப்புக்கோவையில் அது வராது.)

இப்போது ∫₁³ (3ம² − 4ம + 5) டிம.

முதலில் எதிர் வகைக்கெழு. 3ம² என்பது 3 × ம³/3 = ம³. −4ம என்பது −4 × ம²/2 = −2ம². 5 என்பது 5ம. சதுர அடைப்புக்குள் போட்டு எல்லைகளை ஓரத்தில் எழுதுவது வழக்கம்:

[ம³ − 2ம² + 5ம]₁³

இந்த இடத்தில் ஒரு நொடி நின்று, எழுதியதை மனதுக்குள் வகையிட்டு, அதாவது அதன் வகைக்கெழுவைக் கண்டு, பாருங்கள். 3ம² − 4ம + 5 திரும்பக் கிடைக்கிறதா? கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மேல் எல்லை, ம = 3: 27 − 18 + 15 = 24.
கீழ் எல்லை, ம = 1: 1 − 2 + 5 = 4.
விடை: 24 − 4 = 20.

லோடு கிலோவாட்டிலும் நேரம் மணியிலும் இருந்தால் இது 20 யூனிட். பொதுவாக விடையின் அலகு, இரண்டு அச்சுகளின் அலகுகளைப் பெருக்கினால் வருவது. இரண்டு அச்சுகளும் நீளத்தைக் குறித்தால்தான் அது சதுர மீட்டர். எல்லா விடைக்கும் பின்னால் "சதுர அலகுகள்" என்று போட்டு வைப்பது பழக்கதோஷம்.

## எங்கே கை வழுக்குகிறது

அதிகம் மதிப்பெண் போவது கழித்தலில்தான். கீழ் எல்லையின் மதிப்பை முழுதாக அடைப்புக்குள் போடாமல் எழுதினால், குறி முதல் உறுப்புக்கு மட்டும் மாறும்: 24 − 1 − 2 + 5 = 26. சரியானது 24 − (1 − 2 + 5), அதாவது 24 − 1 + 2 − 5 = 20. கீழ் எல்லையைத் தனி வரியில் ஒரே எண்ணாகச் சுருக்கிக்கொண்டு, அதற்கப்புறம் கழித்தால் இந்தத் தவறு வரவே வராது. கீழ் எல்லை எதிர்மறை எண்ணாக இருந்தால் இது இன்னும் முக்கியம்.

இரண்டாவது, எல்லைகளைக் கொடுத்த கோவையிலேயே போட்டுவிடுவது. நம் கணக்கில் அப்படிச் செய்தால் 20 − 4 = 16 வரும். அது லோடு எவ்வளவு கூடியது என்பது, எத்தனை யூனிட் ஓடியது என்பது வேறு.

வகையிடலையும் தொகையிடலையும் மாற்றிச் செய்வதும் உண்டு. 3ம²-ஐப் பார்த்ததும் கை பழக்கத்தில் 6ம என்று எழுதிவிடும். அடுக்கு ஏற வேண்டும். இறங்கியிருந்தால் திசை தப்பு.

பெருக்கலாக வரும் கோவைகள்தான் இருப்பதிலேயே மோசமான கண்ணி. ∫₀¹ ம(ம + 1) டிம என்பதில் ம-வைத் தனியாகவும் (ம + 1)-ஐத் தனியாகவும் தொகையிட்டுப் பெருக்கினால் 1/2 × 3/2 = 3/4 வரும். தவறு. விரித்து ம² + ம என்று எழுதிச் செய்தால் 1/3 + 1/2 = 5/6. 0.75-உம் 0.833-உம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் விடையைப் பார்த்துச் சந்தேகம்கூட வராது. கூட்டலையும் கழித்தலையும் தனித்தனியாகத் தொகையிடலாம், பெருக்கலை முடியாது. பட்டறையின் இரண்டு இயந்திரங்களுக்குத் தனித்தனி மீட்டர் வைத்துக் கூட்டினால் மொத்த யூனிட் கிடைக்கும்; இரண்டு மீட்டர்களின் ரீடிங்கைப் பெருக்கினால் எதுவும் கிடைக்காது.

அதே இனத்தைச் சேர்ந்தது (2ம + 1)². இதை (2ம + 1)³/3 என்று எழுதி 0 முதல் 1 வரை போட்டால் 26/3. விரித்து 4ம² + 4ம + 1 என்று செய்தால் 4/3 + 2 + 1 = 13/3. தவறான விடை சரியாக இரண்டு மடங்கு; உள்ளே இருந்த 2-ஆல் வகுக்க மறந்ததன் பலன் அது. தொடக்கத்தில் விரித்துச் செய்வதே பாதுகாப்பு. கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

## விடை எதிர்மறையாகவோ சுழியாகவோ வந்தால்

"பரப்பு" என்ற சொல் காலை வாருவது இங்கேதான். கூரையில் சோலார் தகடு போட்டிருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறும்போது வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் வெளியே போகிறது. வெளியே போவதை எதிர்மறை லோடு என்று கொண்டால், லோடு சுழிக்குக் கீழே இறங்குகிறது.

நண்பகலை ம = 0 என்று வைத்து, லோடு ம² − 2ம என்று கொள்வோம். காலை 11 மணிக்கு (ம = −1) 3 கிலோவாட் உள்ளே வருகிறது. நண்பகலில் 0. 1 மணிக்கு −1, அதாவது 1 கிலோவாட் வெளியே போகிறது. 2 மணிக்கு மறுபடி 0.

∫₋₁² (ம² − 2ம) டிம = [ம³/3 − ம²]₋₁²

மேல் எல்லை: 8/3 − 4 = −4/3. கீழ் எல்லை: −1/3 − 1 = −4/3. கழித்தால் −4/3 − (−4/3) = 0.

சுழி. தவறில்லை. 11 முதல் 12 வரை 4/3 யூனிட் உள்ளே வந்தது. 12 முதல் 2 வரை அதே 4/3 யூனிட் வெளியே போயிற்று. கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. வரையறுத்த தொகையீடு எப்போதும் இந்த நிகர அளவைத்தான் சொல்லும். அச்சுக்கு மேலே இருக்கும் பகுதி கூடும், கீழே இருக்கும் பகுதி கழியும்.

சோலார் வீட்டு இருவழி மீட்டரோ உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் தனித்தனியாகக் குறித்துவைக்கும். கேள்வியில் "வளைகோட்டுக்கும் அச்சுக்கும் இடையே உள்ள பரப்பு" என்று இருந்தால் நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். முதலில் கோவை எங்கே சுழியாகிறது என்று பாருங்கள். ம² − 2ம = ம(ம − 2), ஆக 0-விலும் 2-லும். நம் எல்லைகளுக்கு நடுவில் விழுவது 0. அங்கே வெட்டி, இரண்டு பகுதிகளையும் தனித்தனியே தொகையிட்டு, எதிர்மறைக் குறியை நீக்கிக் கூட்டினால் 4/3 + 4/3 = 8/3. தொகையீடு 0, பரப்பு 8/3. ஒரே வளைகோடு, இரண்டு வெவ்வேறு கேள்விகள்.

அந்த 4/3 ஒரு பழைய எண். பரவளையத்தை (ம² − 2ம-வின் வளைகோடும் பரவளையம்தான்) ஒரு நேர்கோடு வெட்டினால் கிடைக்கும் பகுதி, அதற்குள் பொருந்தும் குறிப்பிட்ட முக்கோணத்தைப் போல 4/3 மடங்கு என்று ஆர்க்கிமிடிஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே நிறுவினார். இங்கே அச்சுக்குக் கீழே தொங்கும் பகுதிக்குள் அடி 2, உயரம் 1 உள்ள முக்கோணம் பொருந்தும். அதன் பரப்பு 1.

எல்லைகளை மாற்றிப் போட்டாலும் குறி மாறும்: 3-லிருந்து 1-க்குத் தொகையிட்டால் 20-க்குப் பதில் −20. பழைய ரீடிங்கிலிருந்து புது ரீடிங்கைக் கழித்தது போல.

சுருக்கமாக, எதிர்மறை விடை செல்லும், சுழியும் செல்லும். பரப்பு கேட்டால் மட்டும் சுழியாகும் இடங்களில் வெட்ட வேண்டும்.

## விடையைச் சரிபார்க்க

முதல் சோதனை சாதாரண மதிப்பீடு. 3ம² − 4ம + 5 என்ற லோடு 1-லிருந்து 3 வரை 4-இலிருந்து 20-க்கு ஏறிக்கொண்டே போகிறது. நேரம் 2 மணி. ஆக விடை 8-க்கும் 40-க்கும் நடுவில் இருந்தே தீர வேண்டும். 50 வந்தாலோ 6 வந்தாலோ மேலே போய்த் தேடுங்கள். ஆனால் குறி மாறியதால் வந்த 26 இந்த வலையில் சிக்காது.

அதற்குக் கூர்மையான சோதனை ஒன்று உண்டு. கோவையின் மதிப்பைத் தொடக்கத்தில், நட்டநடுவில், முடிவில் கண்டுபிடியுங்கள். நடு மதிப்பை மட்டும் 4-ஆல் பெருக்கி மூன்றையும் கூட்டி, இடைவெளியின் நீளத்தால் பெருக்கி 6-ஆல் வகுக்க வேண்டும். நம் கணக்கில் ம = 1-ல் 4, ம = 2-ல் 9, ம = 3-ல் 20. 4 + 36 + 20 = 60; 60 × 2 / 6 = 20. அச்சு அசலாக அதே விடை. அதிகபட்ச அடுக்கு 3 வரை உள்ள எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும் இது தோராயம் இல்லை, துல்லியமான விடையே வரும். எதிர் வகைக்கெழுவைத் தொடாமல் கிடைப்பதால் நம் தவறுகள் இதற்குள் நுழைய வழியில்லை. ஜெர்மானிய வானியலாளர் கெப்ளர் 1615-ல் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவு பற்றி எழுதிய நூலோடு இணைத்துப் பேசப்படும் முறை இது. பாடப்புத்தகத்தில் என்னவோ அடுத்த நூற்றாண்டு ஆங்கிலேயர் சிம்ப்சனின் பெயரில்தான் இருக்கும்.

எல்லைகள் −2, 2 போலச் சுழிக்கு இருபுறமும் சமமாக இருந்தால் வேலை இன்னும் குறையும். ம, ம³ போன்ற ஒற்றை அடுக்குகள் இடதுபுறம் கொடுத்ததை வலதுபுறம் எடுத்துவிடும், அவற்றை அப்படியே அடித்துவிடலாம். ∫₋₂² (ம³ + 3ம² − 7ம + 1) டிம என்பதில் மிஞ்சுவது 3ம² + 1 மட்டும். [ம³ + ம]₋₂² = 10 − (−10) = 20.

## போட்டுப் பார்க்க மூன்று கணக்குகள்

∫₀² (3ம² + 2ம) டிம. எதிர் வகைக்கெழு ம³ + ம², விடை 12. கீழ் எல்லையில் 0 வருகிறது. பல்லுறுப்புக்கோவையில் மாறிலியை எழுதாதவரை கீழ் எல்லை 0 என்றால் ரீடிங்கும் 0 தான். இதையே எல்லாச் சார்புகளுக்கும் பழக்கமாக்கிக்கொண்டு 0-வைப் போட்டுப் பார்க்காமலே விட்டால், பிற்பாடு, மாறியே அடுக்கில் நிற்கும் அடுக்குக்குறிச் சார்புகள் வரும்போது அடிபடும்.

∫₁⁴ (6 − 2ம) டிம. தொகையீடு 8 − 5 = 3. பரப்பு கேட்டால் கோவை சுழியாகும் ம = 3-ல் வெட்டுங்கள்: 1-லிருந்து 3 வரை 4, 3-லிருந்து 4 வரை −1. ஆக பரப்பு 5. இரண்டு முக்கோணங்கள்தான், வரைந்தும் பார்த்துவிடலாம்.

∫₋₁¹ (5ம⁴ + ம³ − 3) டிம. ம³ அடிபட்டுப்போகும். மிஞ்சியது [ம⁵ − 3ம]₋₁¹ = −2 − 2 = −4. இதைத் தொடக்கம், நடு, முடிவு முறையில் சோதித்தால் மதிப்புகள் 1, −3, 3; கணக்கு (1 − 12 + 3) × 2 / 6 = −8/3 என்று வரும். பொருந்தவில்லை. −4 தான் சரி. கோவையில் நான்காம் அடுக்கு இருக்கிறது. அந்தச் சோதனையின் உத்தரவாதம் மூன்றாம் அடுக்கோடு முடிந்துவிடுகிறது.